பலகைக்கு அடியில் விட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன? – வாசகர் கேள்வி பதில்

பழைய வீடுகளின் மரத்தளம் பற்றி வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். சொற்களில் குழப்பம் வராதிருக்க முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தரைப்பலகைகளை நேரடியாகத் தாங்கிக்கொண்டு, ஒன்றுக்கொன்று இணையாக, குறுகிய இடைவெளியில் கிடக்கும் மரங்களைக் கட்டுநர்கள் ஜாயிஸ்ட் என்பார்கள்; இங்கே அவற்றை விட்டம் என்கிறேன். அந்த விட்டங்களையே தன் மேல் ஏற்றிக்கொண்டிருக்கும் பெரிய மரம் உத்திரம்.

கேள்வி: நாங்கள் குடியிருக்கும் வீடு ஏறக்குறைய நூறாண்டுப் பழமையானது. மாடியறையில் யாராவது நடந்தால் அலமாரியில் இருக்கும் கண்ணாடிக் குவளைகள் கலகலவென்று அதிர்கின்றன. விட்டங்கள் எந்தத் திசையில், என்ன இடைவெளியில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் தரையைப் பெயர்க்க மனமில்லை. கீழறையின் உட்கூரை சுண்ணாம்புக் காரை பூசியது. மின்னணுக் கண்டறி கருவி ஒன்றை வாங்கி ஓட்டிப் பார்த்தேன்; மூன்று முறை ஓட்டினால் மூன்று இடங்களைக் காட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கருவியைக் குறை சொல்ல வேண்டாம், அது வேறு வகை வீட்டுக்காகச் செய்யப்பட்டது. பரப்புக்குப் பின்னால் மரம் இருக்கும் இடத்திலும் வெற்றிடம் இருக்கும் இடத்திலும் மின்தேக்குத் திறன் மாறுபடுவதை வைத்தே அது வேலை செய்கிறது. ஒரே சீரான கனமுள்ள ஜிப்சம் பலகைக்குப் பின்னால் இது நன்றாகவே தெரியும். பழைய காரைக் கூரையிலோ, மர வரிச்சுகளை வரிசையாக ஆணியடித்து, அவற்றின் இடுக்குகளில் காரை பிதுங்கிப் பிடித்துக்கொள்ளுமாறு பூசியிருப்பார்கள்; கனம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் கருவிக்கு எல்லா இடமும் ஒரு மாற்றமாகவே தெரிகிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டையே படிக்கத் தொடங்குங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, விட்டம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது. இரண்டு தாங்கல்களைக் கண்டுபிடித்துவிட்டால் திசை தானாகவே தெரிந்துவிடும். பொதுவாக விட்டங்கள் குறுகிய பக்கத்தைக் கடக்கும். 12 அடிக்கு 16 அடி அறையென்றால் 12 அடிப் பக்கத்தில்தான் ஓடும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் இந்த விதியை ஓர் அறைக்குள் மட்டும் பொருத்திப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. தச்சர் அறையைப் பார்த்து மரம் வாங்கியிருக்க மாட்டார். வீட்டின் வெளிச்சுவரிலிருந்து நடுவிலுள்ள தாங்குசுவருக்கோ உத்திரத்துக்கோ எவ்வளவு தூரம் என்று பார்த்தே வாங்கியிருப்பார். அறைகளைப் பிரிக்கும் இடைச்சுவர்களில் பல, பின்னர் தளத்தின் மேல் நிறுத்தப்பட்டவை. அவை எதையும் தாங்குவதில்லை. ஆகவே நிலவறையோ, தரைக்கடியில் தவழ்ந்து செல்லும் இடமோ இருந்தால் முதலில் அங்கே விளக்குடன் செல்லுங்கள். தூண்களின் மேல் நீளவாக்கில் ஒரு பெரிய மரம் கிடந்தால், அதற்குக் குறுக்கேதான் கீழ்த்தளத்து விட்டங்கள் ஓடும். அந்த உத்திரத்துக்கு நேர் மேலே கீழ்த்தளத்தில் ஒரு சுவர் நின்றால், மாடியின் விட்டங்களும் அதன் மேலேயே வந்து உட்கார்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. மிகுதி என்றுதான் சொல்கிறேன். மாடியில் திசை மாறியிருக்கும் வீடுகளும் உண்டு. பின்னாளில் சேர்த்துக் கட்டிய பகுதியில் அநேகமாக எதையும் ஊகிக்க முடியாது. அதைத் தனி வீடாகவே கருதுங்கள்.

படிக்கட்டும் ஒரு சாட்சி. மாடிக்கு ஏறும் திறப்பின் நீளப் பக்கம் விட்டங்களுக்கு இணையாக இருந்தால் ஓரிரு விட்டங்களை மட்டும் வெட்டினால் போதும். குறுக்காக இருந்தால் ஏழெட்டை வெட்ட வேண்டியிருக்கும். கட்டியவர் இதில் எளிய வழியைத்தான் பெரும்பாலும் தேர்ந்திருப்பார்.

அடுத்தது ஆணிகள். தரைப்பலகைகள் விட்டங்களுக்குக் குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு விட்டத்தின் மேலும் ஆணியடிக்கப்பட்டிருக்கும். எனவே பலகைக்குக் குறுக்காக நேர்கோட்டில் வரும் ஆணித்தலைகளின் வரிசையே விட்டத்தின் கோடு. அறையின் நடுவில் மெருகும் தூசியும் ஆணிகளை மறைத்திருக்கும். சுவரோடு கட்டிய அலமாரியின் உட்புறம், விரிப்பின் ஓரம், கதவுக்குப் பின்புறம் போன்ற, யாரும் கவனித்து மெருகேற்றாத இடங்களில் பாருங்கள். பலகைகள் நாக்கும் பள்ளமுமாகக் கோக்கப்பட்டிருந்தால் ஆணி நாக்கின் வழியே சாய்வாக இறங்கி மறைந்திருக்கும். அப்போது பலகைகளின் முனைகள் சேரும் இடங்களைக் கவனியுங்கள். தளம் ஒரே அடுக்காக இருந்தால், இரண்டு பலகைகளின் முனைகள் சேருமிடம் ஒரு விட்டத்தின் மேல்தான் இருக்க வேண்டும். கீழே இன்னோர் அடுக்குப் பலகை இருந்தால் இந்தச் சான்று செல்லாது.

உங்கள் வீட்டில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது கீழறையின் உட்கூரைதான். காரையைத் தாங்கும் மர வரிச்சுகள் விட்டங்களுக்குக் குறுக்கே ஓடும். ஒவ்வொரு வரிச்சும் ஒவ்வொரு விட்டத்திலும் சிறு ஆணியால் அறையப்பட்டிருக்கும். வலுவான சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, உட்கூரையின் மேல் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். இழுப்பு தெரியும் இடத்திலெல்லாம் எளிதில் உரியும் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். முதல் இருபது துண்டுகள் சிதறிக் கிடப்பதாகத் தோன்றும். ஐம்பதைத் தாண்டும்போது கோடுகள் தாமாக எழுந்து நிற்கும். மர வரிச்சுக்குப் பதிலாக இரும்புவலை அடித்திருந்தால் காந்தம் எங்கும் ஒட்டும். அந்த வீட்டில் இந்த வழி பயன்படாது.

இவ்வளவும் ஊகம்தான், உறுதிப்படுத்துவது தனி வேலை. ஏற்கெனவே திறந்திருக்கும் இடங்களை முதலில் பயன்படுத்துங்கள்: தரையிலுள்ள காற்றுத்துளை மூடி, உட்கூரை விளக்கின் வட்டு, குழாய் மேலேறும் இடம். எதுவும் இல்லையென்றால், மாடியறையில் சுவரடிப் பலகையை ஓரிடத்தில் கழற்றி, பின்னர் அதுவே மறைத்துவிடக்கூடிய இடத்தில் சிறு துளை ஒன்று போடுங்கள். கனத்த கம்பியை ‘ட’ வடிவில் வளைத்து உள்ளே விட்டுச் சுற்றினால், இருபுறமும் விட்டத்தின் பக்கம் எங்கே இடிக்கிறது என்பது கைக்குத் தெரியும். துளைக்குமுன் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, துளைக்கும் அலகில் பலகையின் கனத்துக்கு மேல் இறங்காதபடி ஓர் அடையாளம் கட்டிக்கொள்ளுங்கள். ஒருமுறை, அடுத்த விட்டம் 16 அங்குலத்தில்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, எந்தச் சான்றும் பார்க்காமல் துளையிட்டு, வெந்நீர்க் குழாயின் நடுவில் இறக்கியவன் நான். அன்றிலிருந்து, ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் ஒரே இடத்தைக் காட்டாதவரை துளைப்பதில்லை. பழைய தரைவிரிப்பு ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய பசையிலும் கல்நார் இருக்கக்கூடும், பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சுரண்டவோ துளைக்கவோ நேர்ந்தால் முதலில் சோதித்துவிடுங்கள்.

கீழே கண்ட கோடுகளை மாடிக்குக் கொண்டுசெல்லும்போது வெளிச்சுவரின் உட்பக்கத்தை அளவின் தொடக்கமாகக் கொள்ளாதீர்கள். செங்கல் வீடுகளில் மாடிச்சுவர் கீழ்ச்சுவரைவிட மெலிந்திருப்பது வழக்கம். விட்டங்களின் முனைகள் அந்தப் படியின் மேலேயே உட்கார வைக்கப்பட்டிருக்கும். படிக்கட்டுத் திறப்பின் விளிம்பு, இரு தளங்களையும் துளைத்துச் செல்லும் குழாய் ஆகியவற்றில் ஒன்றைத் தொடக்கப்புள்ளியாக வையுங்கள்.

குவளைகள் அதிர்வதற்கு வருகிறேன். விட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிக்கு, அதாவது உயரத்தை மூன்று முறை தன்னோடு பெருக்கிய அளவுக்கு (உயரம் × உயரம் × உயரம்), ஏற்பக் கூடும். ஒரே கனமுள்ள 10 அங்குல விட்டம் 8 அங்குல விட்டத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பானது. தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளமோ இதைவிடக் கடுமையாக வேலை செய்யும்: சீரான பாரத்தின் கீழ் தொய்வு அந்த நீளத்தின் நான்மடிக்கு ஏற்பக் கூடுவதால், 12 அடி 14 அடியானால் தொய்வு 85 விழுக்காடு மிகும். விட்டங்களுக்கு நடுவேயுள்ள இடைவெளி கூடினால் ஒவ்வொரு விட்டத்தின் பங்கும் அதே விகிதத்தில்தான் கூடும். எனவே இடைவெளியை அளப்பதோடு நின்றுவிடாமல், உயரத்தையும் நீளத்தையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். விட்டங்களின் நடுவில், ஒன்றுக்கொன்று பெருக்கல் குறி போலக் குறுக்காக அடிக்கும் சிறு கட்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒருவர் காலடியின் பாரத்தை அக்கம்பக்கத்து விட்டங்களும் பகிர்ந்துகொள்ளச் செய்பவை அவையே; குழாய்க்காக யாரோ அவற்றைத் தட்டி எறிந்துவிட்ட தளங்களை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆணி வரிசைகளை அளந்து வந்தேன். இடைவெளிகள் 14½, 17, 15¾, 19 அங்குலம் என்று வருகின்றன. வீட்டின் நடுச்சுவரைத் தாண்டியதும் எல்லாக் கோடுகளும் ஒரேயடியாக 2 அங்குலம் விலகிவிடுகின்றன. நான் அளந்ததில் பிழையா, கட்டியவர் பிழையா?

பதில்: இருவர் மேலும் பிழையில்லை. நடுச்சுவரில் ஏற்படும் அந்த 2 அங்குல விலகலைத் தாங்கள் கவனித்திருப்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தருகிறது. ஏனென்றால் அது தங்கள் வீட்டின் அமைப்பையே வெளிப்படுத்திவிட்டது. முன்சுவரிலிருந்து வரும் விட்டமும் பின்சுவரிலிருந்து வரும் விட்டமும் நடுச்சுவரின் மேல் முனைக்கு முனை முட்டாமல், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிப் படுத்திருக்கின்றன. அதனால் பின்பாதியின் கோடுகள் முழுவதும் ஒரு விட்டத்தின் கனத்துக்கு நகர்ந்துவிட்டன. அந்த விலகல் 2 அங்குலம் என்பதால் தங்கள் விட்டங்களின் கனமும் 2 அங்குலம் என்று கொள்ளலாம். இன்று 2-க்கு 8 என்று விற்கப்படும் வட அமெரிக்க மரம் உண்மையில் 1½-க்கு 7¼ அங்குலமே இருக்கும். பழைய மரம் பெயருக்கேற்ற அளவிலோ அதற்கு நெருக்கமாகவோ இருக்கும். அந்தச் சுவர் தாங்குசுவர் என்பதற்கும் இதைவிட நல்ல சான்று கிடைக்காது. எக்காரணம் கொண்டும் அதைத் தக்க ஏற்பாடின்றி இடிக்கக் கூடாது.

இடைவெளிகள் ஏன் சீராக இல்லை என்றால், சீராக இருக்க வேண்டிய தேவை அன்று குறைவு. இன்று 8 அடி நீளமுள்ள ஒட்டுப்பலகைத் தாளின் முனை விட்டத்தின் மேல் வந்து விழ வேண்டும். 8 அடி என்பது 96 அங்குலம். அதை ஆறாகப் பிரித்தால் 16, ஐந்தாகப் பிரித்தால் 19.2, நான்காகப் பிரித்தால் 24. இன்றைய அளவுநாடாக்களில் 19.2 அங்குலத்துக்கு ஒரு சிறு கருப்பு அடையாளம் இருப்பதன் காரணம் இதுதான். தனித்தனிப் பலகைகளால் தளம் போட்டவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பலகையை எங்கே விட்டம் வருகிறதோ அங்கே அறுத்துக்கொள்வார். 4 அடி நீள வரிச்சுகள் கிடைத்த இடங்களில் மட்டும், உட்கூரையின் வசதிக்காக 16 அங்குலத்தை ஓரளவு கடைப்பிடித்திருப்பார்கள். மற்றபடி, வளைந்த மரத்தைச் சற்று நகர்த்தி வைப்பதும், கடைசி இடைவெளியில் மிச்சத்தைத் தள்ளிவிடுவதும் இயல்பாக நடந்தவை.

அந்த 19 அங்குலம் எந்த இடத்தில் வருகிறது என்று தாங்கள் எழுதவில்லை. புகைப்போக்கிக்கோ படிக்கட்டுக்கோ அருகில் என்றால், அது திறப்பின் ஓரம். அங்கே திறப்பின் இருபக்கமும் விட்டங்களை இரட்டையாகப் போட்டு, அவற்றுக்கு நடுவே குறுக்காக ஒரு கட்டையைக் கோத்து, வெட்டுண்ட குறு விட்டங்களை அந்தக் குறுக்குக்கட்டையில் முடித்திருப்பார்கள். புகைப்போக்கியின் சூட்டிலிருந்து மரத்தை விலக்கி வைக்க வேண்டியிருப்பதாலும் அளவுகள் அங்கே மாறும். மூன்று அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி வரிசைகள் அடுத்தடுத்து வந்தால் அதுவும் இரட்டை விட்டமே; மேலே அதே திசையில் ஓர் இடைச்சுவர் நின்றிருக்கும், அல்லது ஒரு காலத்தில் நின்றிருக்கும்.

அளக்கும் முறையில் ஒரு திருத்தம் சொல்கிறேன். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு என்று துண்டு துண்டாக அளக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் தவறினாலும் எட்டாவது கோட்டில் அது 2 அங்குலமாகிவிடலாம். நாடாவை ஒரே இடத்தில் பிடித்து, எல்லாக் கோடுகளையும் அந்த ஒரே தொடக்கத்திலிருந்து எழுதுங்கள். மேலும், ஆணி வரிசை விட்டத்தின் நடுக்கோடு என்று கொள்ள வேண்டாம். சுத்தியல் பிடித்தவர் ஓரமாகவும் அடித்திருப்பார்.

கேள்வி: எங்கள் வீட்டில் மேற்பலகைகளை எடுத்துவிட்டுப் பார்த்தால், அடிப்பலகைகள் மூலைவாட்டில் சாய்வாகக் கிடக்கின்றன. அப்படியானால் விட்டங்களும் சாய்வாகவா இருக்கின்றன?

பதில்: இல்லை, விட்டங்கள் சுவருக்கு நேராகவே இருக்கும். மேலே வரும் பலகையை எந்தத் திசையிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காகவும், தளம் பக்கவாட்டில் நெளியாதிருக்கவும் அடிப்பலகையை 45 பாகையில் சாய்த்துப் போடும் வழக்கம் இருந்தது. ஆணி வரிசைகள் இப்போதும் விட்டத்தின் மேல்தான் ஓடும். ஆனால் நாடாவைப் பலகையின் நீளத்தோடு பிடித்து அளந்தால் 16 அங்குல இடைவெளி ஏறக்குறைய 22⅝ அங்குலமாகத் தெரியும். ஆணி வரிசைக்குச் செங்குத்தாகப் பிடித்து அளந்து பாருங்கள்.

கேள்வி: மாடியில் பழைய வார்ப்பிரும்புக் குளியல்தொட்டி ஒன்றை வைக்க ஆசைப்படுகிறோம். விட்டங்களின் திசையைக் கண்டுபிடித்தாயிற்று. உயரம் 8 அங்குலம், மையத்திலிருந்து மையத்துக்கு ஏறக்குறைய 16 அங்குலம். தொட்டியை எப்படி வைப்பது நல்லது?

பதில்: முதலில் எடையைப் பார்ப்போம். தொட்டி மட்டும் 130 கிலோ என்று கொள்ளுங்கள். நீர் 180 லிட்டர், அதாவது 180 கிலோ. குளிப்பவர் 75 கிலோ. மொத்தம் 385 கிலோ, 1.5 மீட்டருக்கு 0.75 மீட்டர் பரப்பில் இறங்குகிறது. சதுர மீட்டருக்கு 340 கிலோவைத் தாண்டிவிட்டது. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு அமெரிக்க விதிகள் எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுப் பாரம் சதுர அடிக்கு 40 பவுண்டு; இது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 195 கிலோ. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அஞ்சிவிட வேண்டாம். தளம் முழுவதும் ஒரே நேரத்தில் நிறைவதைக் கருதியே 195 கிலோ வகுக்கப்பட்டது. தொட்டியோ ஒரு மூலையில் மட்டும் அமரும். அதனால்தான் அது எந்த மூலையில், எத்தனை விட்டங்களின் மேல் அமர்கிறது என்பது முக்கியமாகிறது.

தொட்டியின் நீளம் விட்டங்களுக்குக் குறுக்கே வந்தால் 1.5 மீட்டருக்குள் மூன்று அல்லது நான்கு விட்டங்கள் வரும். விட்டங்களோடு இணையாக வைத்தால் இரண்டுதான் சுமக்கும். அடுத்து, விட்டங்களின் முனை உட்கார்ந்திருக்கும் சுவரை ஒட்டி வையுங்கள். நடுவில் இறங்கும் பாரம் விட்டத்தை வளைக்கும். சுவரோரத்தில் இறங்கும் பாரம் பெரும்பாலும் நேரே சுவருக்குள் போய்விடும். இந்த இரண்டும் ஒன்றாகக் கூடிவரும் இடம் பெரும்பாலான அறைகளில் ஒன்றுதான் இருக்கும்: விட்டங்களின் முனைகள் சேரும் சுவரோடு தொட்டியின் நீளப் பக்கத்தை ஒட்டி வைப்பது. நான்கு கால்களுள்ள தொட்டியென்றால் ஒவ்வொரு காலும் விட்டத்தின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு விட்டங்களுக்கு நடுவில் வெறும் பலகையின் மேல் 100 கிலோவை ஒரு புள்ளியில் நிறுத்துவது பலகைக்கு நியாயமில்லை.

ஆனால் சுவரோரம் பாதுகாப்பானது என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: விட்டத்தின் முனை நலமாக இருக்க வேண்டும். செங்கல் சுவரின் குழிக்குள் செருகப்பட்ட முனை, சுவரின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மரத்தின் ஈரம் நெடுங்காலம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும் ஆபத்து தொடங்கிவிடும். ஊசி முனையுள்ள குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். உளுத்த மரம் வெண்ணெய் போல உள்ளே விடும். செங்கல் வீட்டில் முனை மேலிருந்து கீழாகச் சாய்வாகச் சீவப்பட்டிருந்தால் அதை யாரோ வெட்டிக் கெடுத்துவிட்டதாக எண்ண வேண்டாம். தீப்பிடித்து விட்டம் ஒடிந்து விழும்போது சுவரை நெம்பிச் சாய்த்துவிடாமல் கழன்றுகொள்ள வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் சீவுவார்கள். பழைய கட்டட வேலையில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு அது.

தங்களுடைய 8 அங்குல விட்டத்தின் இடைப்பட்ட நீளம் 12 அடிக்கு மேல் என்றால், தொட்டி வாங்குமுன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தளத்தின் மேல் ஓடுகளும் பதிக்கப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் அழையுங்கள். ஓடு பதிக்கும் தளம் இடைப்பட்ட நீளத்தின் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்பது பொதுவான அளவுகோல், இயற்கைக் கல்லுக்கு 720-இல் ஒரு பங்கு. 12 அடிக்கு இவை முறையே 0.4 அங்குலமும் 0.2 அங்குலமும் ஆகும்.

கேள்வி: உட்கூரையைப் பிரித்தபோது, எப்போதோ குழாய் வேலை செய்தவர் ஒருவர் 8 அங்குல விட்டத்தின் நடுப்பகுதியில், அடிப்பக்கத்திலிருந்து 2¼ அங்குலம் வெட்டியிருப்பதைக் கண்டோம். இத்தனை காலம் நின்றிருக்கிறதே, அப்படியே விடலாமா?

பதில்: விட வேண்டாம். விட்டத்தின் வலு உயரத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். 8 அங்குலத்தில் 5¾ அங்குலம் மிஞ்சினால், வலுவில் பாதிக்குச் சற்றே மேல்தான் மிச்சம். வெட்டிய இடமும் மோசமான இடம்: விட்டம் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும், நடுவில்தான் அந்த இழுவிசை உச்சத்தில் இருக்கும். வெட்டின் கூரான மூலையிலிருந்து நார் வழியே ஒரு விரிசல் கிளம்பியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் பக்கத்து விட்டங்கள் பாரத்தை வாங்கிக்கொண்டதாக இருக்கலாம்.

அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் இதற்குத் தெளிவான எல்லை வைத்திருக்கின்றன. விட்டத்தின் மேலோ கீழோ போடும் வெட்டு உயரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; இடைப்பட்ட நீளத்தின் நடு மூன்றில் ஒரு பகுதியில் வெட்டே கூடாது; முனையில் மட்டும் கால் பங்கு வரை அனுமதி. துளையின் குறுக்களவு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது. அது மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் 2 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். தங்கள் விட்டத்துக்கு அது வெட்டில் 1⅓ அங்குலம், துளையில் 2⅔ அங்குலம். துளைக்கு இவ்வளவு தாராளமும் வெட்டுக்கு இவ்வளவு கண்டிப்பும் ஏன் என்றால், விட்டம் வளையும்போது மேல்விளிம்பு நசுங்கும், கீழ்விளிம்பு இழுபடும், உயரத்தின் நடுவில் இரண்டும் ஏறக்குறைய சுழியம். குழாய் போக வேண்டிய இடம் அதுதான்.

சீர்செய்ய, குழாயை இடம் மாற்றி, விட்டத்தை இருபுறமும் முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டு, அதே உயரமுள்ள புதிய மரம் ஒன்றைத் தாங்கல் முதல் தாங்கல் வரை பக்கத்தில் ஒட்டித் திருகுமரையாணியால் பிணைப்பது நல்லது. வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் இரண்டடித் துண்டை அடித்துவிட்டுப் போவதில் பயன் குறைவு.

கேள்வி: அறையின் நடுவில் தரை 1½ அங்குலம் தாழ்ந்திருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி நிமிர்த்திவிடலாமா?

பதில்: எது தாழ்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சுவரோரங்கள் ஒரே மட்டத்தில் இருந்து நடுவில் மட்டும் குழிந்திருந்தால் விட்டங்கள் தொய்ந்திருக்கின்றன. தரை ஒரு பக்கமாகச் சரிந்து, உத்திரம் இருக்கும் கோட்டில் மிகத் தாழ்ந்திருந்தால், தாழ்ந்தது உத்திரமோ அதன் தூணோ. சுவரிலிருந்து சுவருக்கு நூல் கட்டி, ஒவ்வொரு விட்டத்தின் கோட்டிலும் நூலிலிருந்து தரைக்கு உள்ள தூரத்தைக் குறித்தால் இரண்டும் பிரிந்து தெரியும். ஒரே ஒரு விட்டத்தில் மட்டும் அளவு திடீரென்று கூடினால் முந்தைய கேள்வியில் கண்டதைப் போன்ற வெட்டு ஒன்று அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.

நீண்ட காலம் பாரம் சுமந்த மரம், பாரத்தை எடுத்தாலும் முழுவதும் நிமிராது. அந்த வளைவு அதன் இயல்பாகவே ஆகிவிடுகிறது. அவசரமாகத் தூக்கினால் மாடியில் காரை வெடிக்கும், கதவுகள் இறுகும், தொய்வுக்கேற்பப் பிற்காலத்தில் அறுத்துப் பொருத்திய பலகைகள் எழும்பும். விட்டங்கள் நலமாகவும் விறைப்பாகவும் இருந்தால், நான் பெரும்பாலும் தொய்வை அப்படியே விட்டு, மேலே ஆப்புப் போலச் சீவிய பட்டைகளை ஒவ்வொரு விட்டத்தின் முதுகிலும் வைத்து மட்டம் செய்யவே சொல்வேன். விறைப்பு போதாது என்றால் கீழே நடுவில் புதிய உத்திரம் ஒன்று கொடுப்பது பெரிய மாற்றம் தரும். இடைப்பட்ட நீளம் பாதியாகும்போது தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆனால் அந்த உத்திரத்தின் தூண்கள் எங்கே இறங்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நிலவறையின் மெல்லிய கான்கிரீட் தரையின் மேல் தூணை நிறுத்தினால் சில ஆண்டுகளில் தூணே தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகும்; அதற்கென்று தனி அடித்தளம் தோண்டிப் போட்ட பிறகுதான் ஜாக்கியை எடுக்க வேண்டும். அப்போதும் ஒரு நாளைக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவுக்கு மேல் தூக்காமல், ஒவ்வொரு நாளும் மாடியில் போய்க் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டே அடுத்த சுற்றைத் திருப்புங்கள்.